சேலத்தில் ஏறி, சங்கராபுரத்துக்கு மேலே... வீட்டு விமானம் எவ்வளவு நிஜம்?

சங்கராபுரத்தில் விமானம் பார்க்க வேண்டுமென்றால் மொட்டை மாடிக்குப் போய் அண்ணாந்து பார்க்க வேண்டும். முப்பதாயிரம் அடிக்கு மேலே வெள்ளைக் கோடு போட்டுக்கொண்டு எங்கிருந்தோ எங்கேயோ போகும். அவ்வளவுதான் ஊருக்கும் விமானத்துக்கும் உள்ள உறவு. மேற்கே கல்வராயன் மலையைத் தாண்டிப் போனால் சேலம் காமலாபுரத்தில் ஒரு விமான நிலையம். கிழக்கே போனால் புதுச்சேரியில் ஒன்று. போகிற வழியில் உளுந்தூர்பேட்டைப் பக்கம் இரண்டாம் உலகப் போருக்காகப் போட்ட ஓடுதளம் ஒன்று உண்டு. போர் முடிந்தது, ஓடுதளத்தையும் மறந்துவிட்டார்கள்.

இப்போது கதை கொஞ்சம் மாறியிருக்கிறது. அதே மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் அறையில் கொஞ்சம் பலமான கம்ப்யூட்டர், ஒரு ஜாய்ஸ்டிக், முகத்தில் மாட்டிக்கொள்ளும் வி.ஆர். ஹெட்செட், இவ்வளவு இருந்தால் போதும். சேலத்தில் ஏறி, கல்வராயனைத் தாண்டி, தன் வீட்டுக்கு மேலேயே வட்டமடிக்கலாம். எக்ஸ்-பிளேன் சிமுலேட்டருக்கு 2018-லேயே வி.ஆர். வசதி வந்துவிட்டது. 2020 ஆகஸ்டில் வெளிவந்த மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் உலகம் முழுவதையும் வானிலிருந்து எடுத்த படங்களைக் கொண்டு கட்டிக் கொடுத்தது. அந்த வருட டிசம்பரில் அதிலும் வி.ஆர். வந்தது. முதல் தடவை மாட்டிப் பார்ப்பவர்கள் எல்லோரும் சொல்லும் வாக்கியம் ஒன்றுதான்: "டேய், அச்சு அசலா இருக்குடா!"

அச்சு அசல் சரி, எதற்கு அசல்? சொல்பவர்களில் பாதிப் பேர் நிஜ காக்பிட்டில் உட்கார்ந்ததே இல்லை :-) அதனால் கேள்வியைக் கொஞ்சம் பிரித்துக் கேட்க வேண்டும். கண்ணுக்கு எவ்வளவு நிஜம்? கைக்கு எவ்வளவு? உட்காரும் இடத்துக்கு எவ்வளவு? இது வெறும் விளையாட்டுக் கேள்வியும் இல்லை. பைலட் ஆக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கும் பிள்ளை இருக்கும் வீட்டில் இந்தக் கேள்விக்கு விலை அரைக் கோடி ரூபாய். அதைப் பிறகு பார்ப்போம்.

முதலில் ஒரு பழைய கதை. அமெரிக்காவில் பிங்ஹாம்டன் என்ற ஊரில் எட்வின் லிங்க் என்று ஒருவர். அப்பாவுக்குப் பியானோவும் ஆர்கனும் செய்யும் தொழிற்சாலை. பையனுக்கு விமானப் பைத்தியம். கையில் காசு கம்மி. ஆர்கனுக்குக் காற்று ஊதும் துருத்திகளை எடுத்து, ஒரு குட்டி விமானப் பெட்டிக்குக் கீழே வைத்தார். பெட்டி முன்னும் பின்னும் சாய்ந்தது, திரும்பியது. 1929-இல் உருவான அதுதான் லிங்க் ட்ரெயினர். ரொம்ப நாள் அதைப் பொருட்காட்சியில் குழந்தைகள் ஏறும் ராட்டினம் மாதிரிதான் பார்த்தார்கள். 1934-இல் அமெரிக்க ராணுவத்திடம் தபால் விமானங்களை ஓட்டும் வேலையைக் கொடுத்தார்கள். பனியிலும் இருட்டிலும் ஓட்டத் தெரியாமல் சில வாரங்களிலேயே விமானிகள் அடுத்தடுத்துச் செத்தார்கள். அதன்பிறகுதான் ராணுவம் லிங்கின் பெட்டிகளில் ஆறை வாங்கியது.

அந்தப் பெட்டிக்கு மேலே ஒரு மூடி உண்டு. மூடிவிட்டால் வெளியே ஒன்றும் தெரியாது. வானமும் தெரியாது, மலையும் தெரியாது. உள்ளே இருக்கும் கருவிகள் மட்டும். உலகத்தின் முதல் வெற்றிகரமான சிமுலேட்டரில் காட்சி என்பதே கிடையாது! உடம்பை ஆட்டியது, கண்ணை மூடியது. இன்றைய வீட்டு வி.ஆர். இதற்கு நேர் எதிர். கண்ணுக்கு எல்லாவற்றையும் கொடுக்கிறது, உடம்பை நாற்காலியிலேயே விட்டுவிடுகிறது. (தலையில் மாட்டும் காட்சிக் கருவியும் ஒரு வகையில் விமானிகளுக்காகப் பிறந்ததுதான். 1980-களில் அமெரிக்க விமானப்படைக்காகத் தாமஸ் ஃபர்னெஸ் என்ற பொறியாளர் செய்த 'சூப்பர் காக்பிட்' ஹெல்மெட் இன்றைய ஹெட்செட்டுகளுக்குப் பெரியப்பா முறை.)

சரி, ஏறலாம். சேலம் ஓடுதளம் தென்மேற்கிலிருந்து வடகிழக்காகப் போகிறது. விமானம் செஸ்னா 172 என்று வைத்துக்கொள்வோம். பறக்கப் பழகுபவர்கள் உலகமெங்கும் ஏறும் அம்பாசடர் கார் அது. ஓட்டுபவர் ஒரு பேச்சுக்கு சங்கராபுரத்துக் கல்லூரி மாணவர் ஒருவர்.

ஹெட்செட்டை மாட்டிய உடனே தெரியும் முதல் விஷயம் அளவு. மானிட்டரில் காக்பிட் ஒரு படம். இங்கே அது ஒரு இடம். கதவு தோளுக்குப் பக்கத்தில் இருக்கிறது. முன்னால் இருக்கும் கருவிப் பலகை கை நீட்டும் தூரத்தில் நிற்கிறது. குனிந்தால் பெடல் தெரிகிறது. மூக்கு உயரமாக இருப்பதால் முன்னால் இருக்கும் தரை கொஞ்சம் மறைகிறது, எட்டிப் பார்க்கத் தோன்றுகிறது. எட்டிப் பார்த்தால் தெரியவும் செய்கிறது!

இரண்டு கண்ணுக்கும் தனித்தனிப் படம் காட்டுவதால் வரும் ஆழம் இது. ஆனால் ஒரு திருத்தம். அந்த ஆழம் பக்கத்தில் இருக்கும் பொருளுக்குத்தான் பெரிதாக உதவும். நம் இரண்டு கண்ணுக்கும் இடையே ஆறு சொச்சம் சென்டிமீட்டர்தான். மலை அளவு தூரத்தில் இருக்கும் எதையும் இரண்டு கண்ணும் ஏறக்குறைய ஒன்றாகவே பார்க்கின்றன, நிஜத்திலும் அப்படித்தான். பிறகு ஏன் மலை அவ்வளவு பெரிதாகத் தெரிகிறது? தலையை நிமிர்த்த வேண்டியிருப்பதால். உச்சியைப் பார்க்கக் கழுத்து எவ்வளவு வளைய வேண்டுமோ அவ்வளவு வளைகிறது. கழுத்துதான் மலையை அளக்கிறது.

அப்படி அளக்க ஒரு மலை ஏறிய உடனே வந்துவிடும். சேலத்திலிருந்து கிழக்கே திரும்பினால் எதிரே சேர்வராயன். உச்சி 5,326 அடி. விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் அடி சொச்சம்தான். செஸ்னா நிமிடத்துக்கு 700 அடி ஏறினால் அதுவே நல்ல நாள். சித்திரை மாத மத்தியானத்தில் அதுவும் ஏறாது, சூடான காற்று மெலிசு. நேராகப் போனால் ஏற்காடு முகத்தில் வந்துவிடும். அதனால் சமவெளியிலேயே ஒரு சுற்று சுற்றி உயரம் சேர்த்துக்கொண்டுதான் போக வேண்டும். மானிட்டரில் ஓட்டும்போது இந்த முடிவை எண்ணைப் பார்த்து எடுப்பார்கள். வி.ஆரில் மலையைப் பார்த்து எடுக்கிறார்கள். வயிற்றில் லேசாக ஒரு பிசைவு வருகிறது. அது நிஜமான பிசைவு.

வி.ஆரின் உண்மையான லாபம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அது இன்னொரு இடத்தில் இருக்கிறது. இறங்குவதற்கு முன்னால் விமானம் ஓடுதளத்துக்குப் பக்கவாட்டில் எதிர்த்திசையில் போய், இடது பக்கம் இரண்டு முறை திரும்பி வரும். எப்போது திரும்புவது? ஓடுதளத்தின் முனை இடது தோளுக்குப் பின்னால் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று திரும்பிப் பார்த்துத்தான். இதை மானிட்டரில் செய்ய முடியாது. பட்டனை அழுத்திப் பார்வையை மாற்றினால் திசை குழம்பும். அதனால்தான் மானிட்டரிலேயே பழகி வந்த பிள்ளைகள் நிஜ விமானத்தில் ஏறியதும் கருவிப் பலகையையே முறைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பறக்கக் கற்றுத் தருபவர்கள் சலித்துக்கொள்வது வழக்கம். வெளியே பார்க்கும் பழக்கத்தை வி.ஆர். திருப்பிக் கொடுக்கிறது. எங்கே பார்ப்பது, எப்போது பார்ப்பது என்பது பறப்பதில் பாதி.

கண் விஷயத்தில் குறையே இல்லையா என்றால், இருக்கிறது. கூர்மையான மனிதக் கண்ணுக்கு ஒரு டிகிரி அகலத்தில் அறுபது புள்ளிகள் வேண்டும். 2023-இல் வந்த மெட்டா குவெஸ்ட் 3-இல் அது 25 அளவில்தான். கருவியில் இருக்கும் சின்ன எண்ணைப் படிக்க, பாட்டி பஞ்சாங்கம் பார்ப்பது மாதிரி முகத்தைக் கிட்டே கொண்டுபோக வேண்டும். பக்கவாட்டுப் பார்வையும் குறைவு. நிஜக் கண்ணுக்குக் கிட்டத்தட்ட 200 டிகிரி, ஹெட்செட்டுக்கு 110 டிகிரி. குதிரைக்குக் கண்பட்டை கட்டிய மாதிரி. இந்தக் குறை கடைசியில் தரை இறங்கும்போது வந்து கழுத்தைப் பிடிக்கும்.

சேர்வராயனைத் தாண்டினால் அடுத்தது கல்வராயன். சேலம் விமான நிலையத்திலிருந்து சங்கராபுரம் நேர்க்கோட்டில் தொண்ணூறு கிலோமீட்டர் சொச்சம். பஸ்ஸில் மூன்று மணி நேரமாவது ஆகும் வழி, செஸ்னாவில் அரை மணி. மலையின் தென்பகுதி நான்காயிரம் அடியைத் தொடும். அதற்கு மேலே போகும்போது வடக்கே திருவண்ணாமலை தனியாக நிற்பது தெரிய வேண்டும். பிறகு மலை சட்டென்று முடிந்து சமவெளி. கோமுகி அணை. கரும்பும் நெல்லும். வடக்கே தென்பெண்ணை ஆறு, அதன் கரையில் மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலை.

சொந்த ஊர் வந்ததும்தான் வேடிக்கை ஆரம்பம். அதுவரை எல்லாமே அச்சு அசலாக இருந்ததே... இங்கே ஏன் ஏதோ இடறுகிறது?

இந்த ஊர் எப்படிக் கட்டப்படுகிறது என்று தெரிந்தால் விடை கிடைக்கும். பெரிய நகரங்கள் சிலவற்றுக்கு விமானத்திலிருந்து பல கோணங்களில் படமெடுத்து, வீட்டுக்கு வீடு முப்பரிமாணத்தில் செய்திருக்கிறார்கள். மற்ற இடங்களுக்கெல்லாம் மேலிருந்து எடுத்த தட்டையான படம் ஒன்றுதான். ஆஸ்திரியாவைச் சேர்ந்த பிளாக்‌ஷார்க் என்ற நிறுவனத்தின் மென்பொருள் அந்தப் படத்தைப் பார்த்து 'இது கூரை, இது மரம், இது இத்தனை மாடி இருக்கும்' என்று ஊகித்து நூற்றைம்பது கோடிக் கட்டடங்களை எழுப்பியது. ஊகம்தான். மேலிருந்து பார்த்தால் கோயில் கோபுரமும் ஒரு சதுரம், தண்ணீர்த் தொட்டியும் ஒரு சதுரம். சிமுலேட்டர் வந்த புதிதில் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் புறநகரில் ஓட்டு வீடுகளுக்கு நடுவே 212 மாடிக் கோபுரம் ஒன்று ஊசி மாதிரி நின்றது. திறந்த வரைபடம் ஒன்றில் யாரோ 2 மாடி என்று போடுவதற்குப் பதில் 212 என்று தட்டிவிட்டார்கள். சிமுலேட்டர் சந்தேகமே படாமல் கட்டிவிட்டது. லண்டனில் அரசியின் அரண்மனையே முதலில் ஆபீஸ் கட்டடமாகத்தான் நின்றது. பக்கிங்ஹாம் அரண்மனைக்கே அந்த கதி என்றால் சங்கராபுரம் பஸ் ஸ்டாண்ட் எம்மாத்திரம்.

மலைகளுக்கும் இதே கதை. 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் பதினொரு நாள் சுற்றி ரேடாரில் பூமியின் மேடு பள்ளங்களை அளந்தது. எக்ஸ்-பிளேன் மாதிரியான சிமுலேட்டர்களின் மலைகளில் பெரும்பகுதிக்கு அந்த அளவுகள்தான் அடிப்படை. முப்பது மீட்டருக்கோ தொண்ணூறு மீட்டருக்கோ ஒரு புள்ளி. கல்வராயனின் பெரிய உருவம் சரியாக வந்துவிடும். ஆனால் இரண்டு புள்ளிக்கு நடுவே விழும் அருவியை அது எங்கே போய்ப் பிடிக்கும்? மேகம் அருவியில் குளித்தவர் அதைத் தேடிக்கொண்டு மலைச்சரிவில் நாலு சுற்றுச் சுற்றலாம், கிடைக்காது.

இதில் கவனிக்க ஒன்று உண்டு. நார்வே மலைக்கு மேலே பறக்கும்போது இதே ஊகங்கள் அத்தனையும் அங்கேயும் இருக்கின்றன. சங்கராபுரத்துக்காரருக்கு நார்வே தெரியாது, அதனால் அது நிஜமாக இருக்கிறது. காட்சியின் நிஜத்தில் பாதி பார்ப்பவருக்குத் தெரியாததால் வருவது.

கண்ணை விட்டுக் கைக்கு வருவோம். இங்கேதான் வீட்டு சிமுலேட்டர் ரொம்பவே ஏமாற்றுகிறது, ஏமாற்றுவது தெரியாமலே.

நிஜ செஸ்னாவில் கையில் இருக்கும் ஸ்டீயரிங் மாதிரியான யோக், வால் இறக்கையோடு கம்பியால் கட்டப்பட்டது. வேகம் கூடினால் அது இறுகும், குறைந்தால் தளர்ந்து கொழகொழவென்று ஆகும். விமானம் மிதக்கும் சக்தியை இழக்கப் போகிறது என்பதைக் கருவி சொல்லும் முன்பே கை சொல்லிவிடும். அப்புறம் டிரிம் என்று ஒரு சக்கரம். மூக்கை ஒரு நிலையில் நிறுத்தக் கை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டியிருந்தால், அந்தச் சக்கரத்தைச் சுற்றச் சுற்ற அழுத்தம் குறைந்து கடைசியில் கையை எடுத்துவிடலாம். சைக்கிளில் ஒரு பக்கம் தண்ணீர்க் குடம் தொங்கினால் மறு பக்கம் எடை வைத்துச் சமன் செய்கிற மாதிரி.

சாதாரண ஜாய்ஸ்டிக்கில் ஒரு ஸ்பிரிங். அது எந்த வேகத்திலும் ஒரே இறுக்கம். விட்டால் நடுவுக்கு வந்துவிடும். டிரிம் என்ற சமாசாரமே அதில் தலைகீழ். அழுத்தத்தை விட்டுக்கொண்டே சக்கரத்தைச் சுற்ற வேண்டும், கை எதையும் உணராது, கண்ணால் பார்த்துத்தான் சரி செய்ய வேண்டும். காக்பிட் எவ்வளவு தத்ரூபமாக இருந்தாலும் கையில் இருப்பது விளையாட்டுச் சாமான்தான். கைக்கு எதிர்ப்புக் கொடுக்கும் யோக்குகள் இருக்கின்றன, ஆனால் விலையைக் கேட்டால் மறுபடி உட்கார வேண்டும்.

'போகட்டும், சின்ன விஷயம்தானே' என்று தோன்றலாம். 2018 அக்டோபரில் இந்தோனேசியாவில் லயன் ஏர் போயிங் 737 மேக்ஸ் கடலில் விழுந்தது. 2019 மார்ச்சில் எத்தியோப்பியாவில் இன்னொரு மேக்ஸ். இரண்டிலும் சேர்த்து 346 பேர். (லயன் ஏர் விமானத்தின் கேப்டன் பவ்யே சுனேஜா டெல்லிக்காரர்.) தானியங்கி அமைப்பு ஒன்று தவறாக மூக்கைக் கீழே தள்ளிக்கொண்டே இருந்ததுதான் காரணம் என்பது தெரிந்த கதை. அதிகம் பேசப்படாத கதை ஒன்றும் உண்டு. எத்தியோப்பிய விமானிகள் மின்சாரத்தை அணைத்துவிட்டு டிரிம் சக்கரத்தைக் கையால் சுற்றப் பார்த்தார்கள், முடியவில்லை. அந்த வேகத்தில் காற்றின் விசை அவ்வளவு. விமான நிறுவனங்கள் பயிற்சி கொடுக்கும் மேக்ஸ் சிமுலேட்டர்களில் அந்தச் சக்கரத்தின் இறுக்கம் சில நிலைமைகளில் சரியாகக் காட்டப்படவில்லை என்று போயிங் 2019 மே மாதம் ஒப்புக்கொண்டது. பல கோடி ரூபாய் சிமுலேட்டர், ஆறு கால்களில் நின்று ஆடும் சிமுலேட்டர், அதிலேயே கைக்குத் தெரிய வேண்டியது தெரியவில்லை.

இனி உடம்பு. அறுபது கிலோ மனிதர் விமானத்தை அறுபது டிகிரி சாய்த்து, உயரம் குறையாமல் திருப்பினால் அந்த நேரத்துக்கு அவர் நூற்றிருபது கிலோ. கன்னம் தொங்கும், கை கனக்கும். மொட்டை மாடி அறையில் அவர் அறுபது கிலோவாகவே இருப்பார். மத்தியான வெயிலில் கல்வராயன் பாறைகள் சூடாகி மேலே தள்ளும் காற்றில் சின்ன விமானம் மாட்டு வண்டி மாதிரி குலுங்கும், தலை கூரையில் இடிக்கும். சிமுலேட்டரில் தொடுவானம் குலுங்கும், நாற்காலி கம்மென்று இருக்கும். வெள்ளிமலை பஸ்ஸில் வளைவுகளில் செல்போனைப் பார்த்துக்கொண்டே போனால் குமட்டும் இல்லையா? அங்கே உடம்பு ஆடுகிறது, கண் நிற்கிறது. வி.ஆரில் கண் ஆடுகிறது, உடம்பு நிற்கிறது. குமட்டல் ஒன்றேதான். முதல் வாரம் பலருக்கு இஞ்சி மரப்பா தேவைப்படும்.

இங்கே அவசரப்பட்டு 'அப்போ இதெல்லாம் பொய்' என்றும் சொல்லிவிடக் கூடாது. ஏனென்றால் நிஜ வானத்தில் உடம்பும் பொய் சொல்லும். நம் உள்காதில் இருக்கும் மூன்று அரைவட்டக் குழாய்கள் திரும்புவதன் தொடக்கத்தைத்தான் உணரும். ஒரே சீராகத் திரும்பிக்கொண்டே இருந்தால் பத்து இருபது விநாடியில் உள்ளே இருக்கும் திரவமும் கூடவே சுற்ற ஆரம்பித்து, 'நேராகத்தான் போகிறோம்' என்று சொல்லிவிடும். மேகத்துக்குள் அந்த உணர்வை நம்பியவர்கள் பலர் திரும்பவில்லை.

1978 ஜனவரி 1, இரவு. ஏர் இந்தியாவின் முதல் ஜம்போவான 'எம்பரர் அசோகா' பம்பாயிலிருந்து துபாய்க்குக் கிளம்பியது. கேப்டன் பக்கத்துக் கருவி ஒன்று பழுதாகி, விமானம் வலது பக்கம் சாய்ந்தே இருப்பதாகக் காட்டியது. நிஜத்தில் அது நேராக இருந்தது. சரி செய்கிறோம் என்று இடது பக்கம் சாய்த்தார், சாய்த்துக்கொண்டே போனார். வெளியே கருப்புக் கடல், கருப்பு வானம். உடம்பு ஒரு வார்த்தை சொல்லவில்லை. தொண்ணூறு டிகிரிக்கும் மேலே சாய்ந்து, கிளம்பி இரண்டு நிமிடத்துக்குள் பாந்த்ராவுக்கு எதிரே கடலில் விழுந்தது. 213 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

அந்த இரவை வீட்டு வி.ஆரில் போட்டால் அச்சு அசலாக இருக்கும் என்பதுதான் பயங்கரம். இருட்டு, கருவிகள், ஒன்றும் சொல்லாத உடம்பு. எல்லாமே இருக்கிறது. இரண்டு கருவிகள் முரண்பட்டால் மூன்றாவதைப் பார் என்ற பழக்கத்தை அங்கே பழகலாம், பழக வேண்டும். பழக முடியாதது ஒன்றுதான்: உடம்பு 'நேராக இருக்கிறோம்' என்று கத்தும்போது அதை மீறிக் கருவியை நம்புவது. வீட்டில் உடம்பு கத்துவதே இல்லை, நாற்காலியில் சமர்த்தாக இருக்கிறது. அந்தக் கத்தலைக் காட்டுவதற்கென்றே பெங்களூரில் விமானப்படையின் வான்மருத்துவ நிறுவனத்தில் தனி இயந்திரம் வைத்து விமானிகளைச் சுற்றிவிடுகிறார்கள்.

பயமும் இல்லை. நிறுத்தும் பட்டன் ஒன்று எப்போதும் கைக்கருகே இருக்கிறது. அதை அழுத்தாவிட்டாலும் கரண்ட் அழுத்திவிடும். பத்தாயிரம் அடியில் கரண்ட் போய், இருட்டில் ஹெட்செட்டோடு உட்கார்ந்திருப்பவருக்குக் கீழேயிருந்து குரல் வரும்: "டேய், சாப்பிட வர்றியா இல்லியா?" நிஜத்தில் எஞ்சின் நின்றால் சாப்பிட யாரும் கூப்பிட மாட்டார்கள்.

இப்போது அந்த அரைக் கோடி. இந்தியாவில் வணிக விமானி உரிமம் வாங்க 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். பயிற்சிச் செலவு அரைக் கோடியைத் தாண்டுகிறது. நிலத்தை விற்றுத்தான், அல்லது அடமானம் வைத்துத்தான் பல வீடுகளில் இதைக் கட்டுகிறார்கள். இந்தக் கணக்கில் வீட்டு வி.ஆரில் ஓட்டிய மணி நேரங்களுக்கு மதிப்பு பூஜ்யம். ஆயிரம் மணி நேரம் ஓட்டியிருந்தாலும் பூஜ்யம். வி.ஆரையே அதிகாரிகள் மதிப்பதில்லை என்று அர்த்தமில்லை. 2021-இல் ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பு ஒரு வி.ஆர். பயிற்சிக் கருவியை முதல்முறையாக அங்கீகரித்தது. ஸ்விட்சர்லாந்தில் செய்த ஹெலிகாப்டர் சிமுலேட்டர் அது. ஆனால் அதில் ஹெட்செட் மட்டும் இல்லை. நிஜ ஹெலிகாப்டரின் அளவிலேயே கட்டுப்பாட்டுக் கருவிகள், கீழே ஆறு திசையிலும் ஆடும் மேடை. லிங்கின் துருத்தியைத் திரும்பக் கொண்டுவந்து வைத்த பிறகுதான் முத்திரை குத்தினார்கள்.

அதற்காகப் பூஜ்யம் என்பது வீண் என்றும் ஆகாது. செக்லிஸ்ட் மனப்பாடம், ரேடியோவில் என்ன பேசுவது, எந்தக் கருவியிலிருந்து எந்தக் கருவிக்குக் கண் போக வேண்டும், சுற்றில் எங்கே திரும்ப வேண்டும், இதெல்லாம் வீட்டில் பழகிப்போனவர் மணிக்குப் பல ஆயிரம் ரூபாய் கொடுத்து ஏறும் நிஜ விமானத்தில் அவற்றுக்காக நேரம் செலவழிக்க வேண்டியதில்லை. கைப்பழக்கத்தைத்தான் அவர் மறக்க வேண்டியிருக்கும். ஸ்பிரிங் ஜாய்ஸ்டிக்கில் பழகிய கை நிஜ யோக்கை முதலில் போட்டு உலுக்கும். 'எனக்கு ஏற்கெனவே தெரியும்' என்று சொல்லாத பிள்ளையாக இருந்தால் அது சீக்கிரம் போய்விடும். சொல்லும் பிள்ளையாக இருந்தால் நிலத்தை விற்கும் முன் அப்பா ஒரு தடவை அறிமுகப் பறத்தலுக்குப் பணம் கட்டி, நிஜ செஸ்னாவில் ஏற்றிப் பார்ப்பது நல்லது. ஹெட்செட் வாங்குவதைவிட அது மலிவு.

சங்கராபுரத்துக்கு மேலே விட்டு வந்த நம் மாணவரை இறக்க வேண்டும். உளுந்தூர்பேட்டை அங்கிருந்து நாற்பத்தைந்து கிலோமீட்டர், கால் மணி நேரம்கூட ஆகாது. அனுமதி கேட்க யாருமில்லை, சிமுலேட்டரில் எங்கே வேண்டுமானாலும் இறங்கலாம். ஓடுதளம் இடது தோளுக்குப் பின்னால் போகிறது, திரும்பிப் பார்க்கிறார், சரியான இடத்தில் திரும்புகிறார். உயரம் சரி, வேகம் அறுபத்தைந்து நாட். கடைசி இருபது அடி. இங்கே மூக்கை மெல்லத் தூக்கி விமானத்தைத் தரைக்கு மேலே மிதக்கவிட வேண்டும். எவ்வளவு தூக்குவது என்பதை நிஜத்தில் சொல்வது ஓரக்கண். இரண்டு பக்கமும் தரை எழும்பி வரும் வேகம். அந்த ஓரக்கண்தான் கண்பட்டைக்குள் இருக்கிறது. கையில் தளர்ந்திருக்க வேண்டிய யோக் ஸ்பிரிங் இறுக்கத்தோடு நிற்கிறது. நாற்காலி கீழே போகவே இல்லை. பத்து அடியிலேயே தரை வந்துவிட்டதாக நினைத்து மூக்கைத் தூக்குகிறார். விமானம் நிற்கிறது, யோசிக்கிறது, தொப்பென்று விழுகிறது. ஒரு பெரிய சத்தம். பிறகு 'மீண்டும் தொடங்கவா?' என்று ஒரு பெட்டி.

ஹெட்செட்டைக் கழற்றினால் மூக்கின் மேலே வியர்வை, கன்னத்தில் ரப்பர் பதிந்த கோடு. கீழே சாம்பார் ஆறிவிட்டது.